சேர்விஸ் பில்லில் நாங்கள் கேட்காத கேள்வி



பெற்றோல் 5 ரூபா கூடினால் ஊரே பேசுகிறது. இன்ஜின் ஒயில் விலை ஏறினால் நாங்கள் வாய் திறப்பதில்லை. கராஜில் பாஸ் சொல்வதைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

கொஞ்சம் பின்னால் பார்ப்போம். 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. எரிபொருளும் ஒயிலும் அரசின் கைக்குப் போயின. 1994இல் அதன் ஒயில் பிரிவான லங்கா லுப்ரிகன்ட்ஸின் 51 வீதப் பங்கு கல்டெக்ஸுக்கு விற்கப்பட்டது. கூடவே சில வருடங்களுக்குத் தனியுரிமையும் கொடுக்கப்பட்டது. அரச ஏகபோகம் கைமாறி, கம்பனி ஏகபோகமானது. பிறகு வேறு கம்பனிகளும் வந்தன. ஆனாலும் அரசின் அனுமதி பெற்ற கம்பனிகளைத் தவிர வேறு யாரும் இன்றும் ஒயில் இறக்குமதி செய்து விற்க முடியாது.

சாதாரண ஒயில் எங்கும் கிடைக்கிறது. கஷ்டம் விசேஷ ஒயிலில்தான். ஹைபிரிட் காருக்கு சீரோ டபிள்யூ ட்வென்டி வேண்டும். சீவீடீ கியருக்கு அதற்கே உரிய திரவம் வேண்டும். காருக்கான சில ஒயில்களை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். இவை குறைவாக விற்பவை என்பதால் கம்பனிகளுக்கு அவசரமில்லை. எங்களுக்குத்தான் அவசரம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருக்கிற வண்டியைக் காப்பாற்றித்தான் ஓடினோம். அதே காலத்தில் 200 ரூபா டொலர் 360ஐத் தொட்டது. வற் வரி 2022இல் 8 வீதமாக இருந்து 2024 ஜனவரியில் 18 ஆனது. வரியையும் டொலரையும் எல்லோருக்கும் தெரியும். கம்பனியின் இலாபம் எவ்வளவு என்றுதான் பில்லில் இல்லை.

"திறந்துவிட்டால் போலி ஒயில் வரும்" என்கிறார்கள். போலி இப்போதே வருகிறது அல்லவா? விலை எட்டாத இடத்தில்தான் பழைய கேனில் கண்ட ஒயிலை நிரப்பி விற்கிறான். தரத்தைக் காப்பது ஆய்வுகூடப் பரிசோதனை. விற்பவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது தரம் ஆகாது.

இதில் வேடிக்கை, லங்கா ஐஓசியின் ஒயில் கலக்கும் ஆலை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. சீனக்குடாக் குதங்களை நாங்கள் திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறோம். துறைமுகமும் பக்கத்தில். அதனால் எங்கள் ஊர் திரீவீல்காரருக்கோ, லேண்ட்மாஸ்டர் வைத்திருக்கும் விவசாயிக்கோ என்ன இலாபம்?

நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று: அனுமதி பெற்ற கம்பனிகளின் பெயரும் ஒவ்வொரு ஒயிலின் விலையும் மூன்று மொழியிலும் கடையில் தொங்க வேண்டும்.

இரண்டு: விசேஷ ஒயிலைச் சிறிய அளவில் கொண்டுவர, தரப் பரிசோதனையுடன் சிறு வியாபாரிக்கும் அனுமதி வேண்டும்.

மூன்று: மாவட்டத்தில் அடிக்கடி மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கமும் வேலை இருக்கிறது. பில் இல்லாமல் ஒயில் வாங்காதீர்கள். சீல் உடைப்பதைக் கண்ணால் பாருங்கள். காலிக் கேனை வெட்டிவிட்டு எறியுங்கள்.

கடைசியாகப் போட்ட ஒயில் எது, என்ன விலை, எந்த மாதம் என்று கீழே எழுதுங்கள். கடைப் பெயர் வேண்டாம். சேர்ந்ததும் பட்டியலாக்கி, கையொப்பத்துடன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புவோம்.