காசாவில் கைதிகள் வந்தாச்சு... அமைதி எப்போ வரும்? போர் நிறுத்தங்கள் முதல் கட்டத்தோடு நின்றுபோவது ஏன்?

2023 அக்டோபர் 7-ம் தேதி தொடங்கிய காசா போரில் மூன்று முறை போர் நிறுத்தம் வந்தது. முதலாவது ஒரே வாரத்தில் முடிந்தது. இரண்டாவது, இரண்டு மாதத்தில் உடைந்தது. மூன்றாவது 2025 அக்டோபர் 10-ல் அமலுக்கு வந்தது. அதன் பிறகும் நடந்த தாக்குதல்களில் நூற்றுக்கணக்கானோர் இறந்திருப்பதாக காசா சுகாதார அமைச்சகம் சொல்கிறது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. மூன்றிலுமே சிக்கல் வந்தது கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான். அது எந்த இடம்? அதைத் தாண்ட வழி இருக்கா? பார்க்கலாம்.

எங்கே நிற்கிறது?

ஹமாஸ் நடத்திய அக்டோபர் 7 தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பணயக் கைதிகளாகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள். இஸ்ரேலின் பதில் தாக்குதலில் காசாவில் இறந்தவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல் என்கிறது அங்குள்ள சுகாதார அமைச்சகம். 20 லட்சத்துக்கும் அதிகமான மக்களில் பெரும்பாலானோர் வீடு இழந்து இடம்பெயர்ந்தார்கள்.

2023 நவம்பர் 24-ல் முதல் போர் நிறுத்தம். 100-க்கும் மேற்பட்ட பணயக் கைதிகள் வந்தார்கள், பதிலுக்கு பாலஸ்தீனக் கைதிகள் விடுவிக்கப்பட்டார்கள். டிசம்பர் 1-ல் மறுபடியும் குண்டு.

2025 ஜனவரி 19-ல் இரண்டாவது. மூன்று கட்டமாகப் போடப்பட்ட ஒப்பந்தம் அது. முதல் கட்டம் 42 நாள், கைதிகள் பரிமாற்றம். அது நடந்தது. இரண்டாம் கட்டத்தில் போரை நிரந்தரமாக முடித்து, இஸ்ரேல் ராணுவம் முழுசாக வெளியேற வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை சூடுபிடிக்கவே இல்லை. மார்ச் 18-ல் இஸ்ரேல் மீண்டும் தாக்கியது; அன்று ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்டோர் பலி.

மூன்றாவது, அமெரிக்க அதிபர் ட்ரம்ப்பின் 20 அம்சத் திட்டம். அக்டோபர் 13-ல் உயிரோடு இருந்த 20 பணயக் கைதிகளும் திரும்பினார்கள். சுமார் 2,000 பாலஸ்தீனியர்கள் விடுதலையானார்கள். 2026 ஜனவரியில் கடைசிப் பணயக் கைதியின் உடலும் மீட்கப்பட்டது. ஆக, முதல் கட்டத்தின் முக்கியமான வேலை முடிந்தது.

கைதிகள் பரிமாற்றத்துக்கு ஒரு பட்டியல் போதும். இத்தனை பேர் வந்தால், இத்தனை பேர் போவார்கள். கணக்கு நேர். அடுத்த கட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. காசாவை யார் ஆள்வது, ஆயுதம் யார் கையில் இருப்பது, ராணுவம் எப்போது போவது என்ற கேள்விகள் அங்கேதான் காத்திருக்கின்றன.

'முதல்ல நீ!'

ஹமாஸ் ஆயுதத்தைக் கீழே போடட்டும், அப்புறம் வெளியேறுகிறோம் என்கிறது இஸ்ரேல். ராணுவம் வெளியேறட்டும், பாலஸ்தீனத் தனி நாட்டுக்கு வழி தெரியட்டும், அப்புறம் ஆயுதத்தைப் பற்றிப் பேசலாம் என்கிறது ஹமாஸ். மூன்றாவது போர் நிறுத்தம் வந்தபோது 'மஞ்சள் கோடு' வரை பின்வாங்கிய இஸ்ரேல் ராணுவம், காசாவில் பாதிக்கும் மேற்பட்ட நிலப்பரப்பைத் தன் வசம் வைத்துக்கொண்டது.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. 'முதலில் விட்டுக்கொடுத்தால் ஏமாந்துபோவோம்' என்று நம்ப இரண்டு தரப்பிடமும் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது.

இஸ்ரேலியர்கள் காட்டுவது 2005-ஐ. அந்த ஆண்டு காசாவில் இருந்த 21 யூதக் குடியிருப்புகளையும் காலி செய்து, ராணுவத்தையும் திரும்ப அழைத்தது இஸ்ரேல். 2006 தேர்தலில் ஹமாஸ் வென்றது. 2007-ல் காசா முழுக்க அதன் கைக்குப் போனது. ராக்கெட்டுகள் வந்தன, கடைசியில் அக்டோபர் 7-ம் வந்தது. 'விட்டுட்டு வந்தோம், என்ன கிடைச்சது?' என்பது அவர்கள் கேள்வி. (வெளியேறிய பிறகும் காசாவின் வான்வெளியும் கடலும் இஸ்ரேல் கட்டுப்பாட்டில்தான் இருந்தன என்பது பாலஸ்தீனியர்களின் பதில்.)

பாலஸ்தீனியர்கள் காட்டுவது மேற்குக் கரையை. 1993 ஓஸ்லோ ஒப்பந்தத்தில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் இஸ்ரேலை அங்கீகரித்தது. அதிலிருந்து பிறந்த பாலஸ்தீன ஆணையம், பாதுகாப்பு விஷயத்தில் இஸ்ரேலோடு பல ஆண்டுகள் ஒத்துழைத்தது. ஆனால் அப்போது மேற்குக் கரையில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரமாக இருந்த யூதக் குடியேறிகள் இன்று 5 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். இதில் கிழக்கு ஜெருசலேம் சேராது. 'ஒத்துழைச்சதுக்கு என்ன கிடைச்சது?' என்பது இவர்கள் கேள்வி.

இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லாத ஒப்பந்தம் கையெழுத்தாகலாம். நிலைக்குமா என்பதுதான் சந்தேகம்.

ஐ.நா. தீர்மானத்தில் என்ன இருக்கு?

2025 நவம்பர் 17-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2803-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 13, எதிர்ப்பு இல்லை. ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்கவில்லை. காசாவை இடைக்காலத்தில் மேற்பார்வையிட 'அமைதி வாரியம்', பாதுகாப்புக்கு ஒரு சர்வதேசப் படை. இரண்டுக்கும் 2027 இறுதி வரை அனுமதி.

தனி நாடு பற்றி? பாலஸ்தீன ஆணையம் சீர்திருத்தங்களைச் செய்து, காசா மறுகட்டமைப்பும் முன்னேறினால், அதற்கான பாதை உருவாகலாம் என்கிறது தீர்மானம். 'உருவாகலாம்', அவ்வளவுதான். தேதி இல்லை. பாலஸ்தீன நாடு என்பதையே பிரதமர் நெதன்யாகு வெளிப்படையாக எதிர்க்கிறார். 2024 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றமும் அதற்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகியவை பாலஸ்தீனத்தை அங்கீகரித்தன. இந்தியா 1988-லேயே அங்கீகரித்துவிட்டது. இப்படி உலக வரைபடத்தில் பாலஸ்தீனம் வளர்கிறது, தரையில் சுருங்குகிறது. 2025 ஆகஸ்ட்டில் ஜெருசலேமுக்குக் கிழக்கே 'ஈ-1' பகுதியில் சுமார் 3,400 வீடுகள் கட்ட இஸ்ரேல் ஒப்புதல் கொடுத்தது. அவை எழுந்தால், மேற்குக் கரையின் வடக்கும் தெற்கும் துண்டாகும் நிலை வரும்.

அப்போ வழியே இல்லையா?

இதே பகுதியில் நிலைத்து நின்ற ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. 1973-ல் எகிப்தும் இஸ்ரேலும் கடும் போர் செய்தன. ஆறே ஆண்டில், 1979 மார்ச் 26-ல், அமைதி ஒப்பந்தம். சினாய் பகுதியை இஸ்ரேல் மூன்று ஆண்டுகளில், கட்டம் கட்டமாக, 1982 ஏப்ரலுக்குள் திருப்பிக் கொடுத்தது. நடுவில் 1981-ல் எகிப்து அதிபர் சதாத் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போதும் ஒப்பந்தம் உடையவில்லை.

என்ன வித்தியாசம்? யாரும் முழுசாக 'முதலில்' கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஒரு பதில் அடி, ஒவ்வொன்றுக்கும் கெடு, கண்காணிக்க வெளிநாட்டுப் படை. கடைசியில் என்ன கிடைக்கும் என்பதும் முதல் நாளே இரு தரப்புக்கும் தெரியும்.

சினாயையும் காசாவையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். அது பெரும்பாலும் பாலைவனம். ஒப்பந்தம் போட்டது இரண்டு அரசுகள். இங்கே ஜெருசலேம் இருக்கிறது, அகதிகள் இருக்கிறார்கள், பாலஸ்தீனத் தரப்பே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. 2006-க்குப் பிறகு அங்கே நாடாளுமன்றத் தேர்தலே நடக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பாடம் இங்கேயும் செல்லும். முடிவு என்னவென்று தெரியாத பயணத்தில் முதல் அடி வைக்க யாருக்கும் துணிச்சல் வராது.

எதைக் கவனிக்கணும்?

தலைவர்கள் கைகுலுக்கும் படங்களைவிட நாலு விஷயம் முக்கியம்:

• மஞ்சள் கோடு நகர்கிறதா? நின்ற இடத்திலேயே நின்றால், அதுவே நாளைக்கு எல்லையாக மாறும் ஆபத்து உண்டு.

• ஹமாஸின் ஆயுதம் யாரிடம், எந்தக் கெடுவில் ஒப்படைக்கப்படுகிறது?

• ராஃபா எல்லை வழியாக மக்களும் பொருட்களும் இரு பக்கமும் தடையில்லாமல் போய் வருகிறார்களா?

• 2026 அக்டோபர் இறுதிக்குள் நடக்க வேண்டிய இஸ்ரேல் தேர்தலில், பாலஸ்தீனம் பற்றி வேட்பாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

இந்த நாலும் ஒன்றுக்கொன்று பதிலாக, சேர்ந்து நகர்ந்தால், இது அமைதியின் தொடக்கம். ஒன்று மட்டும் நகர்ந்து மற்றவை நின்றால், காசா மக்கள் கூடாரத்திலும், எல்லையோர இஸ்ரேலியர்கள் அடுத்த சைரனுக்குப் பயந்தும் நாட்களை எண்ண வேண்டியதுதான். மூன்றாவது போர் நிறுத்தத்துக்குப் பிறகு நான்காவது ஒன்று தேவைப்படுமா என்பது அதில்தான் இருக்கிறது.