விடுமுறையில் ஒரு மலைவீடு

நெடிய பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் பள்ளி வாசலில் பெற்றோரிடையே ஒரே கேள்விதான் உலவுகிறது: "இந்த விடுமுறைக்குப் பிள்ளையை எந்த டியூசனுக்கு அனுப்பலாம்?" யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. மறு ஆண்டில் இடைநிலைப்பள்ளியின் பி.டி.3 தேர்வும் போயிற்று. தேர்வுகள் போனபின்னும் தேர்வச்சம் மட்டும் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை! விடுமுறையின் ஒரு பகுதியையாவது, பெரியவர்கள் உண்மையிலேயே செய்கின்ற ஒரு வேலையில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதற்கு ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்து. அக்கருத்து வலுப்பெறக் காரணமானது எங்கள் குடும்பத்து மலைவீடு.

கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு அருகே, என் தாத்தா வாங்கிய பலகை வீடு ஒன்று இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பின்னர் காய்கறி லோரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. பாட்டி மறைந்தபின் வீடு பூட்டியே கிடந்தது. மலைக்காற்றின் ஈரம் பூட்டிய வீட்டை என்ன செய்யும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? விற்றுவிடலாம் என்றார் ஒருவர். சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவரிடம் கொடுத்துவிடலாம் என்றார் மற்றொருவர். ஓய்வுபெற்ற தச்சரான என் தாய்மாமாவோ, "ஒரு விடுமுறை பொறுங்கள். முதலில் செப்பனிட்டுப் பார்ப்போம், பிறகு விலை பேசலாம்" என்றார்.

2024 மார்ச் 11ஆம் நாள் புதிய பள்ளித் தவணை தொடங்குமுன் ஏறத்தாழ நான்கு வார விடுமுறை கிடைத்தது. கேமரன் மலையில் மழை குறைவான காலம் அது. ஆனால் பிப்ரவரி 10ஆம் நாள் சீனப் புத்தாண்டு. ஹார்ட்வேர் கடைகள் அடைப்பு, தாப்பா சாலை முழுவதும் வாகன நெரிசல். ஆகவே முதல் வாரத்தை விட்டுவிட்டு, மூன்று குடும்பத்துப் பிள்ளைகள் எழுவருடன் மலையேறினோம். இளையவன் மூன்றாம் ஆண்டு. மூத்தவள் படிவம் இரண்டு.

முதலில் ஓர் எச்சரிக்கை. சமையற்கட்டின் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதை உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள்கள் காற்றில் பரவி நுரையீரலில் தங்கும். பல்லாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்க வல்லவை அவை. அந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டோம். அது முடியும்வரை பிள்ளைகள் மலைப்பக்கமே வரவில்லை. "பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்" என்று நான் சொல்வதை எந்த வேலையையும் கொடுங்கள் என்று எவரும் பொருள்கொள்ள வேண்டா.

வேலை தொடங்கிய இரண்டாம் நாளே பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டிவிட்டது. இணையத் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தது. பாசியைச் சுரண்டுவதும் துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்குவதும் ஒரு பொழுதுபோக்கா என்ன? மாமா அவர்களை அதட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை. வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்று ஒரு தூணின் அடியை உளியால் குத்திக் காட்டினார். கட்டை பஞ்சுபோல் உதிர்ந்தது. "தூண் ஏன் இப்படி ஆயிற்று? மாலைக்குள் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மாலைக்குள் விடை வந்தது. கூரையோரத் தகர வாய்க்காலில் இலை அடைத்திருந்தது. நீர் வழிந்து சுவரோரம் விழுந்து, மண்ணை அரித்துக் கொண்டுவந்து தூணடியில் குவித்திருந்தது. ஈரமண் அணைத்த கட்டை மக்கிவிட்டது. ஏணியைத் தொடாமல், ஒரு வாளி நீரைச் சுவரோரம் ஊற்றி, அது ஓடும் வழியைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி. அறிவியல் பாடத்தில் 'ஊகித்தல்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோமே, அது இதுதான்!

தூணை மாற்றியபின் நீர் வடிய வாய்க்கால் வெட்டவேண்டியிருந்தது. நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வேண்டும். பத்து மீட்டர் நீளத்திற்குப் பத்து சென்டிமீட்டர். சரிவான மலைநிலத்தில் இதை எப்படி அளப்பது? மாமா ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய்தான்) நீரை நிரப்பினார். ஒரு முனையை ஒரு பிள்ளையும் மறுமுனையைப் பத்து மீட்டர் தள்ளி மற்றொரு பிள்ளையும் பிடித்தார்கள். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றது. அந்த வியப்பை நான் எத்தனை வகுப்புகளில் உண்டாக்க முயன்றிருக்கிறேன்! அங்கே அது தானாக நிகழ்ந்தது. காரணம், வாய்க்கால் சரியாக அமையாவிட்டால் புதிய தூணும் மக்கிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வண்ணக் கணக்கும் அப்படியே. ஆறு மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம். பதினைந்து சதுர மீட்டர். இரு சன்னல்களைக் கழித்தால் 12.6. டப்பாவில் ஒரு லிட்டர் பத்துச் சதுர மீட்டருக்கு வரும் என்று போட்டிருந்தது. பிள்ளைகள் கணக்குச் சரி. ஆனால் இரண்டாம் பூச்சை எவரும் எண்ணவில்லை. போதாக்குறைக்குப் பழைய பலகை வண்ணத்தைக் குடித்தது. பாதிச் சுவர் வெறுமையாக நிற்க, கடை திறக்கும்வரை காத்திருந்தார்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கிவிட்டால் வண்ணம் காயாது என்பதும் எந்தப் பயிற்றியிலும் இல்லாத செய்தி.

ஆனால் தமிழாசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் மகிழ்வித்தது சொற்கள். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பெரும்பாலும் வகுப்பறை மொழியாகவும் பூசைமொழியாகவும் சுருங்கி வருகிறது. மரபுத்தொடருக்குப் பொருள் எழுதுவார்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்வதற்கு வேறு மொழிக்குத் தாவுவார்கள். மாமாவுக்குத் தச்சு தமிழில்தான் வரும். இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம், ரசமட்டம், தூக்குக்குண்டு, உத்திரம், கைமரம், நிலை, கீல், தாழ்ப்பாள்... பிள்ளைகள் 'கெர்தாஸ் பாசிர்' என்று கேட்டதை அவர் 'உப்புத்தாள்' என்பார். கெர்தாஸ் பாசிர் என்று சொன்னதற்காக எவரையும் திருத்தவில்லை. எடுத்துக் கொடுத்துவிட்டு, "இந்தா, உப்புத்தாள்" என்பார், அவ்வளவே. இரண்டாம் வாரத்தில் பிள்ளைகள் தமக்குள் சண்டையிட்டுக்கொண்டதே "ரசமட்டம் எனக்கு முதலில்!" என்றுதான். மூன்றாம் ஆண்டுச் சிறுவன் கழித்துப் போட்ட பலகையொன்றில் பென்சிலால் இச்சொற்களை எழுதிவைத்தான். ரசமட்டத்திற்கு வல்லின 'ற' போட்டிருந்தான். நான் திருத்தவில்லை.

பெண்பிள்ளைகளை வழக்கம்போல் அடுப்படிக்கு அனுப்ப முனைந்தவர்களும் உண்டு. என் அத்தைதான் மூத்தவளின் கையில் இழைப்புளியைக் கொடுத்து, பையன்கள் இருவரை வெங்காயம் உரிக்க அழைத்துக்கொண்டார். சாம்பாரும் கெட்டுப்போகவில்லை, கதவும் கெட்டுப்போகவில்லை.

வேலை நண்பகலோடு முடிந்துவிடும். பிற்பகல் முழுவதும் அவர்களுடையது. தேயிலைச் சரிவுகளில் நடப்பார்கள். இரவில் போர்வைக்குள் குவிந்துகொண்டு பெரியவர்களின் வாயைக் கிளறுவார்கள். 1929ஆம் ஆண்டில் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டது, அக்காலத்துத் தோட்டங்களில் தமிழர்கள் உழைத்தது, கொழுந்து, கவாத்து என்ற சொற்கள், பனியில் நனைந்த கூடையின் எடை என எல்லாம் அங்கே கதையாக வந்தன. இன்று அச்சரிவுகளில் கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். "அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?" என்று ஒருவன் கேட்டான். எங்களில் எவரிடமும் உடனடி விடை இல்லை.

"எல்லாருக்கும் மலைவீடு உண்டா ஆசிரியரே?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அடுக்குமாடி வீட்டிலும் கிறீச்சிடும் கீல் உண்டு. கால் ஆடும் நாற்காலி உண்டு. பாட்டியின் பழைய மரப்பெட்டி உண்டு. குறைவது வீடன்று, பொறுமைதான். பிள்ளை செய்தால் மூன்று மணி நேரம் ஆகும் வேலையை நாம் முப்பது நிமிடத்தில் முடித்துவிட்டு, அவனைப் பயிற்றியின் முன் உட்காரவைத்துவிடுகிறோம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். நான்காம் ஆண்டு முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பாடம் நம்மிடம் இருக்கிறது. விடுமுறைக்கு முப்பது பக்கப் பயிற்றி கொடுப்பதற்குப் பதிலாக, வீட்டில் பெரியவர் ஒருவருடன் சேர்ந்து ஒரு பொருளைச் செப்பனிட்டு, செய்த முறையைப் பத்து வாக்கியங்களில் எழுதிவரச் சொல்லலாமே. கருவிகளின் பெயரைப் பெரியவரிடம் கேட்டு எழுதவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நான் என் வகுப்பில் தொடங்கிவிட்டேன். ஒரு மாணவி, தன் தாத்தா மிதிவண்டிச் சக்கரத்திற்கு ஒட்டுப்போட்ட முறையை இரண்டு பக்கத்திற்கு எழுதி வந்தாள்.

மலைவீடு இன்னும் விற்கப்படவில்லை. வாடகைப் பேச்சு அவ்வப்போது எழுகிறது. பிள்ளைகள் எழுவரும் கூடாது என்கிறார்கள். பின்கதவு இப்போதும் மழைநாளில் உப்பிக்கொண்டு நிலையில் சிக்குகிறது. அடியில் இரண்டு மில்லிமீட்டர் இழைக்கவேண்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். அதற்குள் எவரும் தொட்டுவிடக்கூடாதாம். அது மூன்றாம் ஆண்டுச் சிறுவனுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்.