லடாக் செல்லும் தஞ்சைக்காரருக்கு
மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்குமா என்று வானத்தையும் தினசரியையும் மாறி மாறி நோக்கும் தஞ்சை ஜில்லாவாசிகள், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில், ஆண்டு முழுதும் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே காணும் லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் சாகஸ யாத்திரை போவதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆயின், உருகிவரும் பனிநீரை முறை வைத்துப் பாய்ச்சிப் பார்லி விளைவிக்கும் குடியானவர்களின் ஊரில், விடுதிக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டு நீராடுவது, கடைமடைக் கஷ்டம் அறிந்தவர்க்கு அழகன்று.

லடாக்கின் ஹெமிஸ் மடாலயத்தில் பௌத்த குரு பத்மசம்பவரின் ஜயந்தியை ஒட்டி லாமாக்கள் முகமூடி தரித்து ஆடும் நடனமும் வேடிக்கையன்று, வழிபாடு. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்தின கோஷ்டி கானத்துக்கு நடுவே ஒருவர் புகைப்படக் கருவியோடு குறுக்கிட்டால் நாம் பொறுப்போமா? (பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பது வேறு விஷயம்.) ஹெமிஸ் முற்றத்திலேனும் ஓரமாக அமர்ந்து, நீண்ட எக்காளங்கள் ஓயும்வரை கருவியைப் பையிலேயே வைத்திருக்கலாம்.