சோர்வுற்ற வீரன்

வீரனென்பான் ஒருகாலும் தளரான் என்றும், தளர்ந்தவனை வீரனென்றல் தகாதென்றும் கருதுவார் நம்முட் பலர். அக்கருத்து ஆராயத்தக்கது. அதற்கு யான் எடுத்துக்கொள்வது பழைய காவியமன்று. ஆங்கில நாட்டுத் தொலைக்காட்சியில் 1963ஆம் ஆண்டு தொடங்கிய 'டாக்டர் ஹூ' என்னும் விஞ்ஞானக் கதையாகும்.

இக்கதைத் தலைவன் டாக்டர் எனப்படுவான். அவன் வேற்றுலகத்தான், காலத்தையும் வெளியையும் கடக்கும் ஊர்தியுடையான், இடர்ப்பட்டாரைக் காத்துத் திரிபவன். சாகுந்தறுவாயில் அவன் உடல் மாறிப் புதுவடிவு கொள்ளும். முதன்முதல் நடித்த வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலங் குன்றியகாலை, 1966ஆம் ஆண்டில், வேறொரு நடிகரைக் கொணர்தற்கு இவ்வுத்தி துணையாயிற்று.

2017ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருநாளில் ஒளிபரப்பான கதையிலோ, பீட்டர் கபால்டி நடித்த பன்னிரண்டாம் டாக்டர் மாற மறுக்கின்றான். தென்துருவப் பனியிடையே தன் முதல் வடிவினனையே எதிர்ப்படுகின்றான். அவனும் மாற்றத்திற்கு அஞ்சி நிற்கின்றான்.

இது கோழைமையோ? அன்று. மாறியபின் நினைவு எஞ்சும். முகமும் குரலும் இயல்பும் வேறாகிவிடும். நண்பரைப் பலகால் இழந்த ஒருவன் தன்னையும் மீளமீள இழத்தல் எளிதன்று. இளைப்பாற விரும்புதல் குற்றமுமன்று.

அவ்விருவரிடையே, முதல் உலகப்போரில் ஜெர்மானிய வீரனொருவனும் தானும் துப்பாக்கி நீட்டி நின்ற ஆங்கிலக் கேப்டன் ஒருவன், தன் இறுதிக் கணத்தினின்று பெயர்த்து வரப்படுகின்றான். அவனை அக்கணத்திற்கே மீட்டனுப்புதல் வேண்டும். டாக்டரோ காலத்தைச் சிறிதே நகர்த்தி, 1914ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் அமைதி தொடங்கும் வேளையில் அவனை நிறுத்துகின்றான். அவ்வமைதி சரித்திர உண்மை. மேற்குப் போர்முனையின் பல பகுதிகளில் பகைவர் பதுங்குகுழி விட்டேறிக் கைகுலுக்கினர். போரோ 1918ஆம் ஆண்டு நவம்பர் வரை நீடித்தது. டாக்டர் அதனை நிறுத்தவில்லை. இரண்டு உயிர்களைக் காத்தான். சோர்ந்தவனுக்கு வேண்டுவது பெருவெற்றியன்று, இத்தகைய சிறு நன்மையே என்பது என் துணிபு.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. தனக்கு ஓய்வே இல்லையோ என்று அவன் வினவியபொழுது, அவன் நண்பர்கள் கடமையை எடுத்தோதவில்லை. ஓய்வு கொள்ளலாமென்று கூறி, அன்போடு தழுவிக்கொண்டனர். அதன்பின்னரே அவன் தானாக வாழத் துணிந்தான்.

சென்ற ஆண்டு எம் விடுதியில் நண்பனொருவன், 'இனிப் படிக்க என்னால் இயலாது. ஊர் திரும்புவேன்' என்றான். யாம் ஐவர் சூழ்ந்திருந்து முயற்சியின் பெருமையைப் பேசினோம். அவனோ வாய்மூடினான், பின் எங்களிடம் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவன் துயரம் யாதென ஒருவரேனும் கேட்டிலோம். அதனை நினைக்குந்தோறும் நாணுகின்றேன்.

ஆதலின், மாணவ நண்பர்காள், தளர்ந்தானை இகழாதீர்; உடனே ஊக்கவுரை கூறவும் விரையாதீர். முதற்கண் அவன் அருகிருந்து கேண்மின், தனியே விடாதீர். சுமையை இறக்கி வைக்க இடம் பெற்றவனே அதனை மீண்டும் எடுக்க வல்லவனாவான். தளராதவனைக் கண்டு நாம் வியக்கலாம்; தளர்ந்தும் எழுந்தவனிடமோ வாழக் கற்கலாம்.