அக்காளுக்கு ஒரு நியாயமா?

பூச்சொரியலன்று சமயபுரத்துக்குப் பூத்தட்டு ஏந்திப் போகிற ஓர் அக்காளையும் தங்கையையும் மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், வாசக சகோதரிகளே! அன்று தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி இருக்கிறவள் அல்லவா அந்த மாரியம்மன்? அக்காளுக்குக் கல்யாணம் 1988-ல், தங்கைக்கு 1990-ல்.

பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. "அது ஈ.வெ.ரா. கட்சியின் சொந்த அபிப்பிராயம்" என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அறுபது வருஷம் கழித்து, 1989-ல், தமிழ்நாட்டில் சட்டமே அதை ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு கொக்கி! சட்டம் அமுலாகுமுன் மணமாகிப் போனவளுக்குப் பிதிரார்ஜிதத்தில் பங்கு இல்லை. தங்கைக்கு உண்டு, அக்காளுக்குக் கிடையாது. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் அக்காளும் பங்காளியானாள். அதுவும், 2004 டிசம்பருக்குள் பாகப்பிரிவினை முடிந்துவிடாத குடும்பமானால்!

நியாயம் என்பது அவரவர் மனசைப் பொறுத்தது என்கிறார்கள். அப்படியானால், 1988-ல் இல்லாத நியாயம் 1990-ல் புதிதாகப் பிறந்துவிட்டதா? அக்காளின் பங்கு அப்போதே இருந்தது. நம் கண்ணில்தான் படவில்லை என்பது என் கட்சி.

அதே இயக்கம் சாமியே இல்லை என்றும் சொல்லிற்றே என்பீர்கள். வாஸ்தவம். அதை நம் அக்காளும் ஏற்கவில்லை, பூத்தட்டை இறக்கவுமில்லை. பங்கை மட்டும் கேட்கிறாள்.

அண்ணனா? "உனக்குத்தான் முப்பது பவுன் போட்டாச்சே!" என்கிறான்.