முதுகு அறுவை சிகிச்சை: வலிக்கு முன்பே ஓர் ஊசி

பாசிர் ரிஸ் பூங்காவில் காலை நடை முடித்து அமர்ந்திருக்கும் மூத்தோரிடம் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை பற்றிப் பேச்செடுத்தால், "அதற்குப் பிறகு வரும் வலியைத் தாங்க முடியுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பயத்தாலேயே சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு.

பயம் நியாயமானதே. எலும்பை எட்டுவதற்கு, முதுகெலும்பை ஒட்டி நெடுக ஓடும் தசைகளை மருத்துவர் விலக்க வேண்டியிருக்கும். அதனால் முதல் சில நாள்கள் வலி கடுமையாக இருக்கும். மார்ஃபின் வகை மருந்துகள் வலியை அடக்கும். ஆனால் கூடவே குமட்டல், மலச்சிக்கல், மந்தநிலை வரும். வயதானவர்களுக்கு மனக்குழப்பமும் ஏற்படலாம். வலிக்கு அஞ்சி அசையாமல் படுத்துக் கிடந்தாலோ காலில் ரத்தம் உறையலாம், நுரையீரலில் தொற்று வரலாம்.

இதற்கு ஒரு துணைவழி இருக்கிறது. முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைக்கு 'எரெக்டர் ஸ்பைனே' என்று பெயர். அந்தத் தசைக்கும் அதன் அடியில் உள்ள எலும்பு நீட்சிக்கும் இடையே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துகிறார்கள். மௌரிசியோ ஃபொரெரோவும் அவரது குழுவினரும் 2016ல் மார்புப் பகுதி நரம்பு வலிக்காக இந்த முறையை விவரித்தனர். விரைவிலேயே முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்கும் இது வந்து சேர்ந்தது.

பொதுவாக, நோயாளி முழு மயக்கத்தில் இருக்கும்போது, கத்தி படுவதற்கு முன்பே ஊசி போடப்படும். அல்ட்ராசவுண்ட் திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடி, தண்டுவடத்திலிருந்து விலகியே மருந்தைச் செலுத்துவார்கள். மருந்து பரவி, முதுகுத் தசைகளுக்குச் செல்லும் நரம்புகளை மரக்கச் செய்யும். பெரும்பாலும் கால்களின் வலிமை குறையாது. எனவே, கண்விழித்ததும் "கால்விரலை அசையுங்கள்" என்று சொல்லி மருத்துவர் சோதிக்க முடியும்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் இடுப்பு முதுகெலும்பு இணைப்புச் சிகிச்சை பெற்ற 100 பேரிடம் இதை ஆராய்ந்து, 2021ல் முடிவை வெளியிட்டனர். ஊசி போடப்பட்டவர்களுக்கு வலியும் மார்ஃபின் வகை மருந்தின் தேவையும் குறைந்தன.

ஆனாலும் இது மாயமருந்தன்று. ஒருமுறை போட்டால் சில மணி நேரமே பலன் தரும். பாரசிட்டமால் போன்ற மருந்துகளும் தேவைப்படும். ரத்தக்கசிவு, தொற்று, மருந்து அளவு மீறினால் வரும் நச்சுத்தன்மை ஆகியவை அரிதென்றாலும் உண்டு. எல்லாருக்கும் இது பொருந்தும் என்றும் சொல்ல முடியாது.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனைக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லும்போது, மயக்க மருந்து நிபுணரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த ஊசி இவருக்குப் பொருந்துமா? அதன் பலன் தீர்ந்ததும் வலிக்கு என்ன தருவீர்கள்? எப்போது எழுந்து நடக்கலாம்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, எந்த மருந்தாவது ஒவ்வாதா என்பதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்க வேண்டாம்.