பேரை வித்தாங்களாம்!

பாண்டிச்சேரியில "சொல்தா வீடு"ன்னு யாராவது சொன்னா, பக்கத்துல ஒருத்தர் கட்டாயம் ஆரம்பிப்பார்: "பென்ஷனுக்காக பேரையே வித்தவனுங்கப்பா!" சுத்தி இருக்கறவங்களும் சிரிப்பாங்க. எனக்கு பத்திக்கிட்டு வரும். (சொல்தான்னா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன்.)

நண்பன் ஒருத்தனோட கொள்ளுத்தாத்தாவைத் தேடற வேலையில கொஞ்ச நாளா நானும் சேர்ந்திருக்கேன். சைகோன்ல சொல்தாவா இருந்து, அங்கேயே குடும்பம் ஆனவர். குடும்பப் பேரு பிரெஞ்சுப் பேரு. அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு தேடினா போய் நிக்கற இடம் 21 செப்டம்பர் 1881 ஆணை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாரா இருந்தாலும் தன் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழே வரலாம். ஆனா ஒரு குடும்பப் பேரைத் தேர்ந்தெடுக்கணும். திரும்பிப் போக முடியாது.

இதுக்கு முன்னாடி நின்னவர் பொன்னுத்தம்பி. ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள வந்ததுக்காக 1873ல் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரைக்கும் போய் ஜெயிச்ச வக்கீல். அவர் எடுத்துக்கிட்ட பேரு 'லபோர்த்'. கதவுன்னு அர்த்தம். அந்தக் கதவு வழியா போனவங்கள்ல கிறிஸ்தவங்களும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்களும்தான் நிறைய. எதிர்த்து நின்னது யாரு? சண்முக முதலியார் தலைமையில மேல்சாதி இந்துக்கள். வழக்கம், பரம்பரை எல்லாம் போயிடும்னு கவலைப்பட்டாங்க. போகட்டுமேன்னு நினைச்சவனுக்குத்தானே அந்த வழக்கத்தோட வலி தெரியும்? பேரைச் சொன்னாலே சாதி தெரியற ஊர்ல, ஒருத்தன் தன் பேரைத் தானே வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு விக்கறதா?

பென்ஷனும் சும்மா வரல. சைகோன்ல இவங்களைப் பாதி பிரெஞ்சுக்காரனா நடத்தப் பார்த்தாங்க. ஐரோப்பியனுக்குத் தர்ற சம்பளமும் சலுகையும் எங்களுக்கும் வேணும்னு வருஷக்கணக்கா மல்லுக்கட்டினாங்க.

சரி, சொல்தா குடும்பங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும். மெடல் போட்ட படம் கூடத்துல தொங்குது. ஜூலை 14 அன்னிக்கு கடற்கரை போர் நினைவுச் சின்னத்துக்குப் போறீங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா பழைய பேரு என்னன்னு கேட்டா ஏன் பேச்சை மாத்தறீங்க? அந்தப் பேருல சாதி தெரியும், அதானே? நீங்க மறைக்க மறைக்க, டீக்கடை ஆசாமி சொல்றதுதான் சரித்திரமா நிக்குது. பேரு மாத்தின பத்திரத்துல அந்த மனுஷனோட பழைய பேரு, அப்பா பேரு ரெண்டும் இருக்கும். அதை விட்டுட்டா, அதுக்கு மேல குடும்பத்தைத் தேடறது குதிரைக் கொம்பு.

தேடறவங்களுக்கு ஒரு யோசனை. பிரெஞ்சு இந்தியாவோட பழைய பிறப்பு, திருமணப் பதிவேடுகள்ல நிறைய எக்ஸ் அன் ப்ரொவான்ஸ்ல இருக்கற காலனி ஆவணக் காப்பகத் தளத்துலயே பார்க்கலாம். ஆனா நம்ம இங்கிலீஷ் எழுத்துக் கூட்டல் அங்க வேலைக்கு ஆகாது. 'முத்து'வுல வர்ற உகரத்துக்கு 'யு' மட்டும் போட மாட்டாங்க, 'ஓ'வும் 'யு'வும் சேர்ந்து வரும். கிருஷ்ணசாமி 'கிஷெனசாமி' ஆயிருப்பார். வீரப்பன் கடைசியில ஒரு 'ஈ' ஒட்டியிருக்கும். நான் ரெண்டு நாள் தலையைப் பிச்சுக்கிட்டேன் :-)

இதெல்லாம் பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962ல் அமலுக்கு வந்தப்போ, பாண்டியில பிறந்து அங்கேயே குடியிருந்தவங்க தானாவே இந்தியர் ஆனாங்க. பிரெஞ்சுக் குடியுரிமை வேணும்னா ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கணும். பிறந்த இடத்தையும் குடியிருந்த இடத்தையும் பொறுத்து விதி மாறும். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்களே, ஒருத்தர் சைகோன்ல பிறந்தார், ஒருத்தர் பாண்டியில பிறந்தார்ங்கறதால வேற வேற நாட்டுக்காரங்க ஆகலாம். பேரப்பிள்ளைங்க இன்னிக்கும் அந்தத் தாளைத் தேடித்தான் அலையறாங்க.

நண்பன் வரைஞ்சு வச்சிருக்கற குடும்ப மரத்துல கொள்ளுத்தாத்தாவுக்குப் பக்கத்துல 'வியட்நாம் ஆயா'ன்னு மட்டும் இருக்கு. பேரு இல்ல. தாத்தா பிறந்தப்போ சைகோன்ல எழுதின பதிவுல அம்மா பேரு இருக்கணும். மெடலை எல்லாம் ஓரமா வச்சுட்டு முதல்ல அதைத் தேடுடான்னு சொல்லியிருக்கேன்.